“வயசாயிடுச்சு, அதான்!” – பெட்டை நாய் வளர்ப்பவர்களின் கேள்விகள், கால்நடை டாக்டரின் பதில்கள்

போன இதழில் குட்டிகளுக்கான தடுப்பூசி பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைவிட, ‘எங்க வீட்டுக் கிழவிக்கும் ஏதாவது எழுதுங்க டாக்டர்’ என்று வந்தவைதான் அதிகம். எல்லாம் ஏழு, எட்டு வயதைத் தாண்டிய பெட்டை நாய்கள். சிறுநீர், கர்ப்பப்பை, மடி என்று சுற்றிச் சுற்றி அங்கேதான் தொல்லை. பாதிக் கடிதங்களில் எனக்கு முதலில் தெரிய வேண்டிய இரண்டு விஷயமே இல்லை. நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா, ஆகவில்லை என்றால் கடைசியாக ஹீட், அதாவது ரத்தம் சொட்டி இனச்சேர்க்கைக்குத் தயாராகும் பருவம், வந்தது எப்போது? அடுத்த தடவை கடிதத்தின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கேள்வி: எங்கள் லேப்ரடார் லைலாவுக்கு 9 வயது. கருத்தடை செய்யவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் ஹீட் வந்து போனது. மூன்று நாளாகச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள், தண்ணீர் மட்டும் வாளியோடு குடிக்கிறாள். வயிறு உப்பின மாதிரி இருக்கிறது. வெயில் காரணமாக இருக்கும் என்கிறார் என் கணவர். மோரும் இளநீரும் கொடுக்கிறோம். – வாசகி, ஈரோடு

பதில்: உங்களுக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லியாகிவிட்டது, இது மற்றவர்களுக்காக. இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஆட்டோ பிடித்துக் கிளம்ப வேண்டும். கருத்தடை ஆகாத நாய், வயது கூடியது, ஹீட் முடிந்து ஒன்று இரண்டு மாதம், சாப்பாடு வேண்டாம் தண்ணீர் மட்டும் வேண்டும் – இந்த நாலும் சேர்ந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நாங்கள் நாயைத் தொடுவோம். பயோமெட்ரா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

ஏன் ஹீட்டுக்குப் பிறகு வருகிறது? மனிதர்களுக்கு மாதிரி இல்லை. நாய் சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும், சினைப்பட்டாலும் படாவிட்டாலும், ஹீட் முடிந்து கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்கு உடம்பில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறித்தான் இருக்கும். அந்த ஹார்மோன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும், திரவம் சுரக்க வைக்கும், கர்ப்பப்பை சுருங்கி அதை வெளியே தள்ளாமலும் பார்த்துக்கொள்ளும். குட்டி வளர வேண்டிய இடமாச்சே, எதிர்ப்புச் சக்தியும் அங்கே கொஞ்சம் அடங்கியே இருக்கும். இதே வேலை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஏழெட்டு வருடமாக நடந்தால் உட்சுவர் நீர்க்கட்டிகளோடு தடித்துப்போகும். ஹீட்டின்போது கர்ப்பப்பை வாய் திறந்திருக்கையில் மலத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமி மேலே ஏறிவிட்டால், அது பெருக இதைவிட வசதியான இடம் உடம்பில் வேறு இல்லை.

கர்ப்பப்பை வாய் திறந்தே இருந்தால் பழுப்பாகவோ ரத்தம் கலந்தோ சீழ் ஒழுகும், நாற்றம் அடிக்கும், படுக்கையில் கறை தெரியும், நீங்களும் பயந்துபோய் ஓடி வருவீர்கள். வாய் மூடிக்கொண்டால்தான் ஆபத்து அதிகம், வெளியே ஒரு சொட்டு வராது, உள்ளே நிரம்பிக்கொண்டே போகும். லைலாவுக்கு வயிறு உப்பியது அதனால்தான். தண்ணீர் குடித்ததற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை: கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது சிறுநீரை இறுக்கிப் பிடித்துவைக்க அதனால் முடியாது, தண்ணீராகவே போய்க்கொண்டிருக்கும், போனதை ஈடுகட்டத்தான் நாய் குடித்துக்கொண்டே இருக்கிறது. காய்ச்சல் இருந்தே தீரும் என்றும் இல்லை, ரொம்ப முற்றிய நாய்க்கு உடம்பு ஜில்லென்று இருக்கும்.

ஸ்கேன் எடுத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். கூடவே ரத்தத்தில் வெள்ளை அணுக்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்ப்பார்கள். வைத்தியம் ஆபரேஷன்தான். டிரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாடிக் போட்டு, நிலைமையைத் தேற்றி அன்றைக்கோ மறுநாளோ கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். ஊசி போட்டுக் கர்ப்பப்பையைச் சுருக்கிச் சீழை வெளியேற்றும் முறையும் இருக்கிறது. அது வயது குறைந்த, மேற்கொண்டு குட்டி எடுக்க வேண்டிய நாய்க்கு, வாய் திறந்திருந்தால் மட்டும், அதுவும் பக்கத்திலேயே வைத்துக் கண்காணித்து. அப்படிக் குணமானாலும் அடுத்த ஹீட்டில் திரும்பி வர வாய்ப்பு நிறைய. வெறும் ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு இரண்டு நாள் வாலாட்டினதும் ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்குக் கூட்டிப்போவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

‘9 வயதில் மயக்க மருந்து தாங்குமா’ என்று போனில் கேட்டீர்கள். வயது மட்டுமே ஒரு தடை இல்லை, இதயமும் சிறுநீரகமும் ரத்தமும் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. சீழோடு விட்டால் தாங்காது என்பது மட்டும் நிச்சயம். இது அபூர்வமான நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாகவும் நாய்களுக்கு இன்சூரன்ஸ் அதிகமாகவும் உள்ள சுவீடனில் இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, 10 வயதுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெட்டை நாய்க்கு இது வந்திருந்தது.

கேள்வி: நாய்க்கு ஹீட் எந்த வயதில் நிற்கும்? எங்கள் சிப்பிப்பாறைக்கு 11 வயது, இன்னும் வருகிறதே! – வாசகர், ராஜபாளையம்

பதில்: நிற்காது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போல நாய்க்கு ஒரு கட்டம் கிடையாது. இடைவெளி நீளும், ரத்தம் குறைவாகத் தெரியும், சில தடவை நமக்குத் தெரியாமலே வந்து போகும், ஆனால் சாகும்வரை சுழற்சி ஓடும். அதனால் காலண்டரில் தேதி குறித்து வையுங்கள், மேலே லைலா கதையைப் படித்தீர்கள் அல்லவா, ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் அந்தக் கண்ணோடு கவனியுங்கள். ‘ஹீட்டே நின்றுவிட்டது’ என்று சொல்லிக் கூட்டி வரும் நாய்களில் சிலவற்றுக்கு சினைப்பையில் கட்டி இருக்கும், அதனால் நின்றதாகத் தோன்றினால் ஒரு ஸ்கேன் பார்ப்பது நல்லது.

கேள்வி: எங்கள் டாபர்மேனுக்கு 8 வயது, 4 வயதில் கருத்தடை ஆனது. ஆறு மாதமாகத் தூங்கி எழுந்தால் படுத்த இடம் ஈரம். விழித்திருக்கும்போது ஒழுங்காக வெளியே போய்த்தான் இருக்கிறாள். மாமியார் நாயைத் திட்டுகிறார், என்னையும்தான். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் வைப்பதை நிறுத்திவிட்டோம். – வாசகி, திருச்சி

பதில்: முதலில் தண்ணீரை வையுங்கள். அப்புறம் உங்கள் மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்: அது வேண்டுமென்றே போகவில்லை, போனது அதற்கே தெரியாது. பாதி நாய்கள் எழுந்து ஈரத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே வெட்கப்பட்டுப் போய் மூலையில் உட்காரும், அதைப் போய்த் திட்டுவார்களா.

சினைப்பைகளை எடுத்த பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும். சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசைக்கு அந்த ஹார்மோனின் தயவு தேவை. அது தளர்ந்துபோனால், உடம்பு தளர்ந்து தூங்கும்போது சிறுநீர் தானாகக் கசியும். ஆபரேஷன் ஆன உடனேயும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். பெரிய ஜாதி நாய்களில்தான் அதிகம், டாபர்மேனும் ராட்வீலரும் பாக்ஸரும் இந்தப் பட்டியலில் எப்போதும் உண்டு. ‘அப்படியானால் கருத்தடையே தப்பா’ என்று கேட்பீர்கள். இல்லை. படுக்கை நனைவதற்கு மாத்திரை இருக்கிறது, சீழ் பிடித்த கர்ப்பப்பைக்கு ராத்திரி ஆபரேஷன்தான் இருக்கிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் மாத்திரைக்கு முன்னால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். கசிவும் வேறு, நீர்க்கடுப்பும் வேறு. நீர்க்கடுப்பு உள்ள நாய் விழித்திருக்கும்போதுதான் அல்லாடும், நாலு அடிக்கு ஒரு தடவை உட்காரும், சொட்டு சொட்டாக வரும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும், சில நேரம் கடைசியில் ரத்தம் தெரியும். கசிவு உள்ள நாய்க்கு இது எதுவும் இல்லாமல் தூக்கத்தில் மட்டும் ஒரு குளம். இரண்டும் சேர்ந்தும் இருக்கும், அதனால்தான் டெஸ்ட். வெறும் கசிவு என்று உறுதியானால் ஃபினைல்புரோபனோலமைன் அல்லது எஸ்ட்ரியால் மாத்திரை தருவார்கள், நிறைய நாய்களுக்கு நல்ல பலன் உண்டு. முதலாவது ரத்த அழுத்தத்தைக் கூட்டும், டாபர்மேன்களுக்கு இதயக் கோளாறு வரும் ஜாதிக்குணமும் உண்டு, ஆகவே இதயத்தைப் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம். இரண்டாவது கருத்தடை ஆன நாய்க்கு மட்டும்தான்.

எடை கூடியிருந்தால் குறைக்கப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை வெளியே விடுங்கள். பழைய ரெயின்கோட் ஷீட்டின் மேல் பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டால் துவைப்பது சுலபம். காலையில் தொடையிடுக்கையும் பின்பக்கத்தையும் வெந்நீரில் துடைத்து ஈரம் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் சிறுநீர் பட்டுப் பட்டுத் தோல் வெந்து புண்ணாகிவிடும்.

கேள்வி: எங்கள் தெருவிலேயே பிறந்து, இப்போது எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் செம்பிக்குப் பத்து வயது இருக்கலாம். இரண்டு மாதமாக ரத்தம் சொட்டுகிறது. தீட்டு இத்தனை நாள் இருக்குமா? ஆண் நாய்களும் கூட வருவதில்லை. – வாசகர், மதுரை

பதில்: இருக்காது. ஹீட் ரத்தம் சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாள். மொத்த ஹீட்டும் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு மாதம் சொட்டுகிறது, ஆண் நாய்கள் சீண்டவில்லை என்கிறீர்கள், நம் ஊர்த் தெரு நாய் என்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றுவது டி.வி.டி. (TVT) என்று நாங்கள் சொல்லும் பிறப்புறுப்புக் கட்டி. கையுறை போட்டுக்கொண்டு இதழை லேசாக விலக்கிப் பார்த்தால் காலிஃபிளவர் மாதிரி, சிவந்து, தொட்டால் உதிர்ந்து ரத்தம் வருகிற சதை தெரியும். உள்ளே தள்ளி இருந்தால் வெளியில் தெரியாது, டாக்டர்தான் விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

இது ஒரு விநோதமான புற்றுநோய். கிருமியால் பரவுவதில்லை, புற்றுநோய்ச் செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டிக்கொண்டு வளரும். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு நாயிடம் தோன்றிய கட்டிதான் இன்றைக்கும் உலகம் முழுக்க நாய் விட்டு நாய் தாவிக்கொண்டிருக்கிறது. அந்த நாய் செத்து எத்தனையோ யுகம் ஆச்சு, அதன் கட்டி மட்டும் மதுரையில் உங்கள் வாசலில் இருக்கிறது. சேரும்போது பரவுவதுதான் அதிகம், நக்குவதாலும் முகர்வதாலும்கூடப் பரவும், அதனால் சில நாய்களுக்கு மூக்கில் வந்து மூக்கிலிருந்து ரத்தம் வரும். மனிதர்களுக்கு வராது, பயப்பட வேண்டாம்.

நல்ல செய்தி, பெரும்பாலான நாய்களுக்கு இது முழுதாகக் கரைந்துவிடும். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, வாரம் ஒன்று, பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பார்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே சிந்தினால் அந்த இடத்துச் சதையே அழுகிவிடும் என்பதால், துள்ளுகிற நாயைப் பிடித்து வாசலில் வைத்தே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளைக்கு அதன் சிறுநீரையும் மலத்தையும் கையுறையோடு சுத்தம் செய்யுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். ரத்தம் நின்றுவிட்டது என்று இரண்டாவது ஊசியோடு நிறுத்துகிறவர்கள் நிறைய. கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை போட வேண்டும். பிறகு கருத்தடை செய்துவிடுங்கள்.

டி.வி.டி. இல்லை என்றால் திறந்த பயோமெட்ரா, பிறப்புறுப்பின் உள்ளே சாதாரணத் தசைக்கட்டி, சிறுநீர்ப்பையில் புற்று என்று வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. எப்படியும் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: கன்னி ஜாதி நாய், 10 வயது. கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. வலி இல்லை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். – வாசகர், சேலம்

பதில்: கத்தி பட்டுப் பரவாது. கத்தி படாமல் காத்திருந்த காலத்தில்தான் பரவும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது, தேங்காய் அளவு ஆனபிறகு, நுரையீரலுக்கு ஏற்கெனவே போய்விட்ட நிலையில் ஆபரேஷனுக்கு வந்து பிறகு இறந்துபோன நாயாக இருக்கும். பழி கத்தி மேல் விழுந்துவிட்டது.

நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடி மடிக் காம்புகள், கட்டி அதிகமாக வருவது பின்னால் இருக்கும் இரண்டு ஜோடியில். மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதுவானவை, பாதி புற்று. தொட்டுப் பார்த்து எது என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதும் இதில் முழு நம்பிக்கை தராது, வெட்டி எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பினால்தான் தெரியும். 3 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும்போது எடுத்த கட்டிகளுக்குப் பலன் நன்றாகவே இருக்கிறது, உங்கள் நெல்லிக்காய் அந்த அளவுக்குள்தான் இருக்கும், இந்த மாதமே போங்கள். சேலத்திலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே. முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், நுரையீரலில் புள்ளிகள் இல்லை என்றால் ஆபரேஷன். கன்னி மாதிரி ஒல்லி நாய்களுக்கு மயக்க மருந்தைத் தேர்ந்தெடுத்துத்தான் தர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மடி முழுக்கச் சிவந்து, சூடாக, தொட விடாமல் வீங்கியிருந்தால் அது வேறு, அதற்குக் கத்தி வைப்பதில்லை. மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய் ஒத்தடம் இரண்டும் கட்டியைக் கரைக்காது, நாள்தான் கரையும்.

கேள்வி: ஹீட் வராமல் தடுக்க ஊசி இருக்கிறதாமே? ஆபரேஷனைத் தவிர்க்கலாமே. – வாசகி, கோவை

பதில்: இருக்கிறது, என் கையால் போட மாட்டேன். அதில் இருப்பது புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன். முதல் பதிலில் அந்த ஹார்மோன் கர்ப்பப்பையை என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறேன். மடிக்கட்டியும் சர்க்கரை நோயும் கூட வரும் வாய்ப்பைக் கூட்டும். தப்பிச் சேர்ந்துவிட்டது, கலைக்க ஊசி போடுங்கள் என்று கேட்டு ஈஸ்ட்ரோஜன் போட்டுக்கொள்வதும் இதே கதைதான், அது எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் பக் ஜூலிக்கு 9 வயது, கருத்தடை இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனாலும் இளைக்கிறாள். தண்ணீர் நிறையக் குடிக்கிறாள். மொட்டை மாடியில் அவள் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. – வாசகி, சென்னை

பதில்: எறும்பே டெஸ்ட் எடுத்துச் சொல்லிவிட்டது! சர்க்கரை நோயாகத்தான் இருக்க வேண்டும், ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கருத்தடை ஆகாத வயதான நாய்களுக்கு ஹீட்டுக்குப் பின் ஏறும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. சீக்கிரம் கண்டுபிடித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, கருத்தடையும் செய்தால் சில நாய்களுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு. மற்றவற்றுக்கு தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. உங்கள் அப்பா போடும் சர்க்கரை மாத்திரையில் பங்கு கேட்காதீர்கள், நாய்க்கு வேலை செய்யாது. சர்க்கரை உள்ள சிறுநீரில் கிருமி சுலபமாக வளரும், நீர்க்கடுப்பு அறிகுறி இல்லாமலே தொற்று இருக்கலாம் என்பதால் கல்ச்சரும், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டும், கேளுங்கள்.

‘நிறையக் குடிக்கிறாள்’ என்பதை அளந்து பாருங்கள். காலையில் லிட்டர் கணக்காக அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மீதியை அளந்து கழித்தால் போதும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் போனால் எந்த நாயாக இருந்தாலும் காரணம் தேட வேண்டும். 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது என்றால் வெயில், சளி, வயசு என்று எதன் மேலும் பழி போடாதீர்கள். சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், அட்ரினல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம், பயோமெட்ராவும் இருக்கலாம்.

கேள்வி: 7 வயது நாட்டு நாய், கருத்தடை ஆனது. நீர்க்கடுப்பு மூன்று தடவை வந்து, ஆன்டிபயாடிக்கில் சரியாகித் திரும்ப வருகிறது. இப்போது எக்ஸ்ரேயில் கல் என்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறேன். சிறுநீரை எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்றும் சொல்லுங்கள். – வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாழைத்தண்டால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, கல் கரையும் என்று எண்ணி ஆறு மாதம் கழிப்பதுதான் கெடுதல். பெட்டை நாய்களுக்கு வருவதில் அதிகம் ஸ்ட்ரூவைட் கல், சிறுநீர்ப்பையில் குடியேறிய கிருமியால் உண்டாவது. இதைக் கரைக்கத் தனி உணவு இருக்கிறது, கல்ச்சர் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துச் சில வாரங்கள் கொடுத்தால் ஆபரேஷன் இல்லாமலே போய்விடும். அந்த நாட்களில் தனி உணவைத் தவிர எதுவும் கூடாது, பாட்டி மறைத்துத் தரும் பிஸ்கட் உட்பட. கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருந்தால் எந்த உணவிலும் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். எது என்று அறிய சிறுநீரின் அமிலத்தன்மை, படிகங்கள், கல்ச்சர் உதவும். மூன்று தடவையும் கல்ச்சர் இல்லாமல் மருந்து கொடுத்திருந்தால் நாலாவது தடவை கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வாங்குவதை விடுங்கள்.

பிடிக்கிற வித்தை: காலையில் முதல் தடவை போகும்போதுதான் நல்லது. நீளக் கைப்பிடி உள்ள குழிக்கரண்டியைக் கழுவி, கொதிநீர் ஊற்றி உலர்த்தி வையுங்கள், அதைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். நாயைக் கயிற்றில் கூட்டிப்போங்கள். உட்கார ஆரம்பித்ததும் உடனே நீட்டினால் எழுந்து ஓடிவிடும், முதல் வீச்சைப் போகவிட்டுப் பின்பக்கமாக மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் இருந்தால் தாராளம். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் யூரின் டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். இது சாதாரண டெஸ்ட்டுக்குத்தான். கல்ச்சருக்குத் தரையில் போனதையோ கரண்டியில் பிடித்ததையோ நம்ப முடியாது. அதற்கு டாக்டர் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு எடுப்பார். கேட்கத்தான் பயம், பெரும்பாலான நாய்கள் தடுப்பூசி அளவுக்குக்கூட அலட்டிக்கொள்வதில்லை. கிளினிக்குக்குக் கிளம்பும் முன் மட்டும் அதைச் சிறுநீர் போக விடாதீர்கள், ஊசி உள்ளே போக சிறுநீர்ப்பையில் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.